மெஷினா, சாம்பிளா? எலக்ட்ரான், அயனி பீமுக்கு அடியில் உயிர்ப்பொருள்கள் செய்யும் சேட்டைகள்

மலேசியாவின் பாயான் லெப்பாஸில் சிப் தொழிற்சாலை ஒன்றின் பழுது ஆய்வுப் பிரிவில் வெகுநாள் இருந்தேன். அங்கே சாம்பிள் என்றால் சிலிக்கான், செம்பு, ஈயம். நுண்ணோக்கி மாதிரி மெஷின்களின் எலக்ட்ரான், அயனிக் கற்றைக்கு (பீமுக்கு) அடியில் வைத்தால் சொன்ன பேச்சு கேட்கும். அப்புறம் பினாங்கிலேயே இன்னொரு ஆய்வுக்கூடத்துக்கு மாறினேன். இங்கே வருவதெல்லாம் பல், இலை, கொசுக்கால், சிறுநீர்க் குழாயில் படிந்த பாக்டீரியாப் படலம். தண்ணீரும் உப்பும் கொழுப்புமாக இருக்கிற இவற்றைக் காற்றில்லாத அறையில் அடைத்து எலக்ட்ரானாலும் அயனியாலும் அடித்தால் சும்மா இருக்குமா?

மாதத்துக்கு நாலு தடவையாவது யாராவது வந்து, "அக்கா, மெஷின் கெட்டுப்போச்சு" என்பார்கள். போய்ப் பார்த்தால் மெஷின் நன்றாகத்தான் இருக்கும். ஒரே பதிலை எத்தனை தடவை சொல்வது? அதனால் எழுதி வைக்கிறேன். உங்கள் கண்ணில் எது படுகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள். காசு செலவில்லாத காரணத்தை முதலிலும், கையைக் கடிக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

## எந்தக் கோளாறானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

உங்கள் சாம்பிளை வெளியே எடுங்கள். கார்பன் மேல் தங்கத் துகள் தூவிய அந்தச் சின்ன ஸ்டப் (சாம்பிளை ஒட்டும் உலோகத் தாங்கி), இல்லையென்றால் வெள்ளீய உருண்டை ஸ்டப், மெஷின் பக்கத்து இழுப்பறையில் இருக்கும். அதை உள்ளே வைத்து, அதே கிலோவோல்ட்டில் (பீமை முடுக்கும் மின்னழுத்தம்), அதே வொர்க்கிங் டிஸ்டன்ஸில் (லென்ஸுக்கும் சாம்பிளுக்கும் உள்ள தூரம்) ஒரு படம் எடுங்கள். பத்து நிமிட வேலை.

தங்கம் கூர்மையாகத் தெரிகிறதா? அப்படியானால் சாம்பிளைத்தான் கவனிக்க வேண்டும், கீழே படித்துக்கொண்டு போங்கள். தங்கமும் கலங்கலாகத் தெரிகிறதா? நேரே கடைசிக்கு முந்திய தலைப்புக்குத் தாவுங்கள், நடுவில் இருப்பது எதுவும் உங்களுக்கு உதவாது.

இதைச் செய்யாமல் சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டு, அவர் வந்து தங்க ஸ்டப்பை வைத்து அருமையான படம் எடுத்துக் காட்டிவிட்டுப் பில்லை நீட்டியதை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். ஒரு தடவை கூப்பிட்டதே நான்தான்.

## படம் வெள்ளையடிக்கிறது, கோடு விழுகிறது, வழுக்கிக்கொண்டு போகிறது

எஸ்.ஈ.எம். (ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கி) பக்கம் வருகிற புகாரில் பாதி இதுதான். உள்ளே போன எலக்ட்ரான் வெளியேற வழியில்லாமல் சாம்பிளிலேயே தேங்கிவிடுகிறது. இதைத்தான் சார்ஜ் என்கிறோம்.

### கிலோவோல்ட்டைக் குறைத்ததும் போய்விடுகிறது

15 கிலோவோல்ட்டில் தொடங்குவது உலோகத்துக்குப் பழகிய கையின் பழக்கம். 5க்கு இறக்குங்கள், பிறகு 3, பிறகு 1.5. இலை, செல், நார் எதுவானாலும் மேற்பரப்பு நன்றாகத் தெரிவதும் இந்த இடத்தில்தான். கூடவே பீம் கரன்ட்டைக் குறைத்து, மெதுவாக ஒரே தடவை ஸ்கேன் செய்வதற்குப் பதிலாக வேகமாகப் பல தடவை ஸ்கேன் செய்து சராசரி எடுங்கள். இதிலேயே சரியானால் வேறு எதையும் தொட வேண்டாம்.

### குறைத்தும் போகவில்லை

எர்த் வழியைப் பாருங்கள். பல்லை வெட்டி 5 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு துண்டு கொண்டுவருவார்கள். கார்பன் டேப்பில் ஒட்டி, மேலே மின்சாரம் கடத்தத் தங்கம் பூசியிருப்பார்கள். மேல்பரப்பில் தங்கம் உண்டு, அடியில் டேப் உண்டு, நடுவில் இருக்கிற பக்கச் சுவரில் ஒன்றும் இல்லை. மேலே இருக்கிற தங்கம் தனித் தீவாக நிற்கிறது. குண்டூசி முனையால் வெள்ளிப் பசையைத் தொட்டு, மேல்விளிம்பிலிருந்து ஸ்டப்பின் உலோகம் வரை ஒரு கோடு இழுங்கள். டேப்போடு நிறுத்திவிடக் கூடாது, உலோகத்தைத் தொட வேண்டும். பசை நன்றாகக் காயட்டும். ஈரமாக உள்ளே போனால் 'பம்ப் ஓடுகிறது' தலைப்பின் கோளாறு வந்து சேரும்.

### எர்த் சரி, சில இடம் மட்டும் எரிகிறது

பூச்சு அங்கே எட்டவில்லை. கொசுவின் கால் மயிர், படலத்தின் அடிக்குகை, இலைத்துளையின் உள்விளிம்பு எல்லாம் நிழலில் நின்றுவிடும். சாய்த்துச் சுழற்றும் தட்டு இருந்தால் அதில் பூசுங்கள், இல்லையென்றால் ஸ்டப்பைச் சாய்த்து வைத்து இரண்டு தடவை. மொத்தம் 5 முதல் 10 நானோமீட்டர் போதும். "எரியுது" என்று 30, 40 என்று ஏற்றிக்கொண்டே போனால், பழைய சுவருக்கு மேல் மேலாகச் சுண்ணாம்பு அடித்த கதைதான். நீங்கள் பார்ப்பது பாக்டீரியாவை மூடிய தங்கத்தை. 50,000 மடங்குக்கு மேல் போக வேண்டுமென்றால் தங்கத்தின் மணிகளே கண்ணில் படத் தொடங்கும். அதற்குப் பிளாட்டினமோ இரிடியமோ நல்லது.

### பூசவே கூடாத சாம்பிள்

அருங்காட்சியகப் பூச்சி, திருப்பிக் கொடுக்க வேண்டிய பல் மாதிரியானவை. மெஷினில் குறைவெற்றிட வசதி இருந்தால் சில பத்து பாஸ்கலில் வைத்துப் பின்சிதறல் டிடெக்டரில் (சாம்பிளில் பட்டுத் திரும்பும் எலக்ட்ரானைப் பிடிப்பது) பாருங்கள். கூர்மை கொஞ்சம் குறையும், எரிச்சல் அடங்கும்.

### வெள்ளையடிக்கவில்லை, ஆனால் நகர்கிறது

சாம்பிளை விட்டுப் பக்கத்தில் இருக்கும் ஸ்டப் உலோகத்துக்குப் போய் அதே மடங்கில் இரண்டு நிமிடம் பாருங்கள். உலோகம் அசையாமல் இருந்தால் இன்னும் சார்ஜ்தான், மேலே திரும்பிப் போங்கள். உலோகமும் நகர்ந்தால் டேப் அமுங்கிக்கொண்டிருக்கிறது, அல்லது ஸ்டேஜ் இன்னும் நிலைக்கு வரவில்லை. அரை மணி நேரம் விட்டுவிட்டு வாருங்கள். அப்போதும் நகர்ந்தால்தான் ஸ்டேஜைச் சந்தேகிக்க வேண்டும்.

## பம்ப் ஓடுகிறது, வெற்றிடம் இறங்க மாட்டேன் என்கிறது

சாம்பிளை எடுத்துவிட்டு வெறும் அறையைப் பம்ப் செய்யுங்கள். வழக்கமான நேரத்தில் இறங்கினால் சாம்பிள் ஈரம். தடிமனான படலம், காயாத வெள்ளிப் பசை, தேவைக்கு மேல் ஒட்டிய டேப், துளைகள் உள்ள எலும்பு, எல்லாம் மணிக்கணக்கில் ஆவி விடும். ஓர் இரவு டெசிகேட்டரில் (ஈரம் உறிஞ்சும் மூடிய பாத்திரம்) வைத்துவிட்டு மறுநாள் வாருங்கள். டெசிகேட்டரின் சிலிக்கா ஜெல் நீலமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் அது இளஞ்சிவப்பாக மாற அதிக நாள் வேண்டாம். சிவந்த ஜெல்லோடு இருக்கும் டெசிகேட்டர் வெறும் கண்ணாடி டப்பாதான்.

வெறும் அறையும் இறங்கவில்லையா? கதவின் ஓ-ரிங்கைப் பாருங்கள். ஒரு தலைமுடி போதும். நார் உதிராத துணியால் துடைத்து மூடுங்கள். அதற்கு முன் யாராவது கதவை வெகுநேரம் திறந்து வைத்திருந்தார்களா என்றும் கேளுங்கள். மழை நாளில் திறந்து கிடந்தால் சுவரெல்லாம் நீராவி ஒட்டிக்கொள்ளும். காற்றுக்குப் பதிலாக உலர்ந்த நைட்ரஜன் விட்டுத் திறப்பதும், சீக்கிரம் மூடுவதும் பழக்கமாக வேண்டும்.

ஓ-ரிங் சுத்தம், இரவு முழுக்கப் பம்ப் செய்தும் இறங்கவில்லை, அல்லது டர்போ பம்ப்பின் சத்தம் மாறியிருக்கிறது: ஆளைக் கூப்பிடுங்கள். டர்போவில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை.

## செல் வற்றலாகிவிட்டது

உருண்டையாக இருக்க வேண்டியது குழி விழுந்து, காய்ந்த சுண்டைக்காய் போலக் கிடக்கும். இதற்கு மெஷின் ஒருநாளும் காரணமில்லை. எந்தக் கட்டத்தில் சுருங்கியது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்கு ஒரு சாதாரண ஒளி நுண்ணோக்கி போதும். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஒரு துண்டை எடுத்துப் பாருங்கள்.

### பதப்படுத்தியதுமே சுருங்கியிருக்கிறது அல்லது வெடித்திருக்கிறது

செல்லைப் பதப்படுத்தும் மருந்தான குளுட்டரால்டிஹைடில் போடும் முன் வெறும் தண்ணீரில் கழுவினீர்களா? அதுதான். உப்புச் செறிவு பொருந்தும் பஃபரில் கழுவ வேண்டும். 2.5 சதவீதக் குளுட்டரால்டிஹைடு, 0.1 மோலார் பஃபர், பி.ஹெச். 7.2 முதல் 7.4. திசுவானால் துண்டு சில மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். பெரிய துண்டில் மருந்து நடுவரை போய்ச் சேர்வதற்குள் நடுப்பகுதி கெட்டுவிடும்.

### ஆல்கஹாலில் சுருங்கியது

தண்ணீரை எடுக்க ஆல்கஹாலின் சதவீதத்தைப் படிப்படியாக ஏற்ற வேண்டும், நீங்கள் படிகளைத் தாண்டியிருக்கிறீர்கள். 30, 50, 70, 80, 90, 95, பிறகு 100இல் மூன்று தடவை. ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து நிமிடம். ஒன்றை ஊற்றிவிட்டு அடுத்ததை எடுக்க அலமாரிக்கு நடந்து போகக் கூடாது. ஏர்கான் காற்று நேரே அடிக்கும் மேசையில் 100 சதவீத ஆல்கஹால் நொடிகளில் பறந்துவிடும், செல் அம்மணமாக நிற்கும். முழுக்க வடிக்காமல் மேலே மெல்லிசாக ஆல்கஹால் இருக்கும்போதே அடுத்ததை ஊற்றுங்கள்.

### ஆல்கஹாலில் நன்றாக இருந்தது, உலர்த்தியதும் போய்விட்டது

இங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள். முதல் சந்தேகம் '100 சதவீதம்' என்று எழுதிய அந்தப் பாட்டில் மேல். திறந்து மூடித் திறந்து மூடி, நம் ஊர்க் காற்றிலிருந்து அது தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும். நீரற்ற காப்பர் சல்பேட்டை ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள். வெள்ளைத் தூள் நீலமானால் தண்ணீர் கலந்திருக்கிறது. கடைசிக் கழுவலுக்கு மட்டும் புது பாட்டில் திறப்பது நல்லது. நீர் உறிஞ்சும் மூலக்கூறுச் சல்லடை மணிகளைப் போட்டு வைப்பதும் சரிதான், ஆனால் அதன் தூசி சாம்பிள் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். "புது வகை நுண்ணுயிர்" என்று ஒருவர் அதைக் காட்டிக்கொண்டு வந்தார்.

அடுத்தது, கிரிட்டிக்கல் பாயின்ட் டிரையர் (அழுத்தமும் சூடும் ஏற்றித் திரவத்தை வாயுவாக்கி உலர்த்தும் கருவி). ஆல்கஹால் முழுக்க வெளியேறித் திரவக் கார்பன் டை ஆக்சைடு மட்டும் மிஞ்ச வேண்டும். ஆல்கஹால் வாசனை போகும்வரை வெளியேற்றிக் கழுவிக்கொண்டே இருங்கள். எலும்பு, தடித்த படலம் மாதிரித் துளையுள்ளவற்றுக்கு ஊறும் நேரமும் கூடுதலாக வேண்டும். பிறகு சூடாக்கும்போது 31.1 பாகை, 73.8 பார் இரண்டையும் தாண்டியிருக்கிறதா என்று முள்ளைப் பாருங்கள். தாண்டிய பிறகு வாயுவை மெதுவாக விட வேண்டும், சூட்டை அணைக்காமல் விட வேண்டும். அவசரத்தில் வால்வை முழுக்கத் திறந்தால் உள்ளே குளிர்ந்து வாயு மறுபடி திரவமாகும். அத்தனை நாள் பாடும் அந்த ஒரு நிமிடத்தில் போகும்.

டிரையர் இல்லாதவர்கள் ஹெச்.எம்.டி.எஸ். (ஹெக்ஸாமெத்தில்டைசிலசேன்) என்ற திரவத்தை ஊற்றி ஃப்யூம் ஹுட்டில் (ஆவியை இழுத்து வெளியேற்றும் பெட்டி) ஆவியாக விடலாம். பாக்டீரியாவுக்கும் பூச்சிக்கும் பெரும்பாலும் போதும். மென்மையான விலங்கு செல்லுக்கு நான் அதை நம்புவதில்லை.

### நேற்று நன்றாக இருந்தது, இன்று சுருங்கியிருக்கிறது

உலர்த்திய சாம்பிளை மேசையில் மூடி போட்டு வைத்துவிட்டுப் போனீர்கள். அந்த மூடி ஈரத்தைத் தடுக்காது. உலர்த்திய அன்றே பூசுங்கள், இல்லையென்றால் (நீல ஜெல் உள்ள) டெசிகேட்டரில் வையுங்கள்.

### இலை மட்டும் விதிவிலக்கு

தாமரை, சேம்பு, வாழை. தண்ணீர் ஒட்டாத இலை எதுவானாலும் மேலே சொன்ன ஆல்கஹால் படி எதையும் செய்யாதீர்கள். தாமரை இலையில் அழுக்கு ஒட்டாமல் போவதற்கு அதன் மேடுபள்ளமும் மெழுகு முட்களும் சேர்ந்து காரணம் என்று ஜெர்மானியத் தாவரவியலாளர்கள் பார்த்லாட்டும் நெயின்ஹுய்ஸும் 1997இல் காட்டினார்கள். அந்த மெழுகைத்தான் நீங்கள் ஆல்கஹாலில் கழுவி ஊற்றுகிறீர்கள். "இலை வழுவழுன்னு இருக்கு அக்கா, முள்ளே காணோம்" என்று வந்த தம்பிக்கு அன்றைக்கு இதைத்தான் சொன்னேன். சின்னத் துண்டாக வெட்டி டெசிகேட்டரில் தானாகக் காயவிட்டுப் பூசுங்கள். செல் கொஞ்சம் சுருங்கும், மெழுகு நிற்கும். குளிர்பதன ஸ்டேஜ் கிடைத்தால் அதைவிட நல்லது.

### சதுரம் சதுரமாக ஏதோ கிடக்கிறது

உப்பு. பஃபரைக் கழுவாமல் உலர்த்தியிருக்கிறீர்கள். ஈ.டி.எக்ஸ். (வெளிவரும் எக்ஸ்ரேயை வைத்துத் தனிமங்களைக் கண்டறியும் கருவி) வைத்தால் சோடியமும் குளோரினும் வரும். பதப்படுத்தி முடிந்த பிறகு தண்ணீரில் கழுவினால் செல் வெடிக்காது, பயப்படாமல் கழுவுங்கள்.

## உருப்பெருக்கிவிட்டுத் திரும்பினால் கறுப்புச் சதுரம்

ஸ்கேன் செய்த இடம் மட்டும் கறுத்திருக்கும். எண்ணெய்ப் பசை மாதிரிக் கரிமப் பொருள் பீமில் வெந்து படிகிறது. சுத்தமான சிலிக்கான் துண்டை வைத்து அதே அளவு நேரம் ஸ்கேன் செய்யுங்கள். அங்கே கறுக்கவில்லையென்றால் உங்கள் சாம்பிள்தான் அழுக்கு: டெசிகேட்டர், குறைந்த டேப், வெறுங்கையால் தொடாமை. அங்கேயும் கறுத்தால் அறை அழுக்கு. பிளாஸ்மா கிளீனர் இருந்தால் வெறும் அறையில் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். ஃபோகஸையும் ஸ்டிக்மேட்டரையும் (பீமை வட்டமாக்கும் திருகு) பக்கத்து இடத்தில் சரிசெய்துவிட்டுப் புது இடத்துக்கு நகர்ந்து படமெடுத்தால் எப்படியும் பாதித் தொல்லை குறையும்.

## பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொப்பளிக்கிறது, பிளக்கிறது

எண்ணெயில் போட்ட அப்பளம் போல எழும்பும். கரன்ட் அதிகம், ஒரே இடத்தில் வெகுநேரம். குறையுங்கள், மடங்கை இறக்குங்கள். பூச்சில் மட்டும் வெடிப்பு ஓடியிருந்தால் அது கோட்டரின் (பூசும் கருவியின்) சூட்டில் வந்தது. பூசுவதை முப்பது நொடி, இடைவெளி, முப்பது நொடி என்று பிரித்துச் செய்யுங்கள்.

## ஈ.டி.எக்ஸ்.: இருக்க வேண்டியது இல்லை, இல்லாதது இருக்கிறது

படம் பொய் சொன்னால் கண்ணுக்குத் தெரியும். எண் பொய் சொன்னால் ஆய்வேட்டில் ஏறிவிடும். அதனால் இந்தத் தலைப்பில் கொஞ்சம் நின்று நிதானமாகப் படியுங்கள்.

### பாஸ்பரஸ் அளவு நம்ப முடியாதபடி இருக்கிறது

பல் மருத்துவம் படிக்கும் ஒரு தங்கச்சி பல்லின் கால்சியம், பாஸ்பரஸ் விகிதம் பார்க்க வந்தார். ஹைட்ராக்ஸி அபடைட்டுக்கு அணு விகிதம் 1.67. அவருக்கு வந்தது அதில் பாதிகூட இல்லை. மூன்று பல் மாற்றினார், நான்கு நாள் போனது. காரணம், பூசியிருந்த தங்கம். பாஸ்பரஸின் எக்ஸ்ரே கோடு 2.01 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில், தங்கத்தின் எம் கோடு 2.12இல். பக்கத்துப் பக்கத்து வீடு. மென்பொருள் தங்கத்தின் ஒரு பங்கைப் பாஸ்பரஸ் கணக்கில் எழுதிவிட்டது. பிளாட்டினம் இன்னும் மோசம், அது 2.05இல் நிற்கிறது. பதப்படுத்தப் பயன்படும் ஆஸ்மியம் 1.91இல். எலும்பு, பல், பாஸ்பேட் எதுவானாலும் கார்பன் பூசுங்கள். ஏற்கெனவே தங்கம் பூசிவிட்டால் 20 கிலோவோல்ட்டில் 9.7 பக்கம் தங்கத்தின் எல் கோடு எவ்வளவு உயரம் என்று பாருங்கள். அது ஓங்கி நின்றால் அந்தப் பாஸ்பரஸ் எண்ணை எங்கும் எழுதாதீர்கள்.

### எங்கு பார்த்தாலும் பாஸ்பரஸ்

பாஸ்பேட் பஃபரில் பதப்படுத்தினீர்கள், அவ்வளவுதான். ககோடிலேட் பஃபருக்கு மாறினால் இது போகும், ஆனால் அதில் ஆர்செனிக் உண்டு. அதன் 1.28 கோடு மெக்னீசியத்தின் 1.25ஐ மறைக்கும். எதைத் தேடுகிறீர்களோ அதற்கேற்பப் பஃபரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ககோடிலேட் நஞ்சு, ஆஸ்மியத்தின் ஆவி கண்ணையே கெடுக்கும். இரண்டையும் ஃப்யூம் ஹுட்டுக்கு வெளியே எடுக்கக் கூடாது.

### கழுவிய பிறகும் சோடியம்

5 கிலோவோல்ட்டில் 1.04 இடத்தில் சோடியம் என்று காட்டுகிறது. 15க்கு ஏற்றி மறுபடி எடுங்கள். 8.6 பக்கம் ஒரு கோடு முளைத்தால் அது துத்தநாகம், அதன் எல் கோடு 1.01இல் விழுந்து சோடியம் வேஷம் போட்டிருக்கிறது. துத்தநாகம் எங்கிருந்து? உங்கள் கையுறையிலிருந்து. உலகத்துக்கே கையுறை செய்து அனுப்பும் நாட்டில் இருக்கிறோம். நைட்ரைல், லேட்டக்ஸ் இரண்டிலும் துத்தநாக ஆக்சைடும் கந்தகமும் சேர்ப்பார்கள், அச்சில் முக்கும் முன் தடவும் கால்சியம் நைட்ரேட்டின் மிச்சமும் ஒட்டியிருக்கும். துத்தநாகம், கந்தகம், கால்சியம் மூன்றும் ஒன்றாக வந்தால் நுண்ணுயிரைக் குற்றம் சொல்லாதீர்கள். சாம்பிளை இடுக்கியால் மட்டும் தொடுங்கள்.

## ஃபிப் வெட்டு முகத்தில் திரைச்சீலை போலக் கோடுகள்

ஃபிப் (குவித்த அயனி பீம்) கருவியில் காலியம் அயனியால் குழி வெட்டி உள்முகத்தைப் பார்க்கும்போது மேலிருந்து கீழே சால் சாலாக இறங்கும். முதல் காரணம், மேற்பரப்பு கரடுமுரடு. பிளாட்டினப் பாதுகாப்புப் பட்டை ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் கனமாகப் போட்டால் பெரும்பாலும் போகும். முதல் மெல்லிய அடுக்கை எலக்ட்ரான் பீமால் போட்டுவிட்டுத்தான் அயனி பீமால் போட வேண்டும். நேரே அயனியால் தொடங்கினால் பாதுகாக்க வேண்டிய தோலை அதுவே தின்றுவிடும். அடுத்து, கடைசி மெருகுக்குக் கரன்ட்டைப் படிப்படியாகக் குறைத்தீர்களா என்று பாருங்கள். உள்ளே வெற்றிடங்கள் உள்ள சாம்பிளானால் (படலம், மரநார்) ஒவ்வொரு ஓட்டையும் ஒரு கோடு போடும். ரெசினில் பதித்துக்கொண்டு வருவதுதான் வழி.

### வெட்டு முகம் பஞ்சு போல உருகியிருக்கிறது

சூடு. கரன்ட்டைக் குறையுங்கள். அதற்கும் அடங்காத ஈரச் சாம்பிளுக்குக் குளிர்பதன ஃபிப் வேண்டும். அதில் உறைந்த பனி சுமார் மைனஸ் 135 பாகையைத் தாண்டிச் சூடேறினால் படிகமாகி எல்லாவற்றையும் குத்திக் கிழிக்கும். அந்த வேலையைத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் தொடங்காதீர்கள்.

### பீம் ஓர் இடத்தைக் காட்டுகிறது, குழி வேறு இடத்தில் விழுகிறது

சார்ஜ் என்றால் 'படம் வெள்ளையடிக்கிறது' தலைப்பைப் பாருங்கள். எர்த் சரியாக இருந்தால் இரண்டு பீமும் சந்திக்கும் உயரத்தில் சாம்பிள் இல்லை. மெஷினைப் பொறுத்து 52 அல்லது 54 பாகை சாய்க்கும் முன் அந்த உயரத்தை நிதானமாகச் சரிசெய்யுங்கள். சிப் எல்லாம் ஒரே மட்டம். பல்லோ மலை மாதிரி எழுந்து நிற்கும். சாய்க்கும்போது அது வாயு ஊசியில் (பிளாட்டினப் பட்டை போட வாயு விடும் ஊசி) இடித்தால் செலவு ஒரு நல்ல காரின் விலைக்குப் போகும். அறைக்குள் இருக்கும் கேமராவில் ஒரு கண் இருக்கட்டும். 'டங்' என்று சத்தம் கேட்டால் எதையும் அசைக்காமல் ஸ்டேஜை நிறுத்திவிட்டுப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். மறைக்காதீர்கள். நான் ஒருமுறை மறைக்கப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

## டாஃப்-சிம்ஸ்: எல்லா இடத்திலும் 73, 147

அயனியால் அடித்து, தெறிக்கும் துண்டுகளை அவற்றின் நிறையால் (73, 147 எல்லாம் அந்த நிறைதான்) அடையாளம் காணும் இந்தக் கருவி மேலே இருக்கும் ஒன்றிரண்டு நானோமீட்டரைத்தான் படிக்கும். எனவே அதற்கு மேல் என்ன படிந்திருக்கிறதோ அதுவே உங்கள் விடை. 73, 147, 207, 221, 281 வரிசையாக வந்தால் அது சிலிக்கோன். கைக் களிம்பு, தலைமுடிக் கண்டிஷனர், சில பிளாஸ்டிக் பைகள், சிலவகைக் கையுறைகள் எதுவும் காரணமாகலாம். ஒரு சுத்தமான சிலிக்கான் துண்டை உங்கள் சாம்பிள் போகிற எல்லா இடத்துக்கும் கூட்டிப் போங்கள்: அதே இடுக்கி, அதே டப்பா, அதே கழுவல். அதிலும் 73 வந்தால் வழியில்தான் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வாருங்கள். கழுவிய கண்ணாடிப் பெட்ரித் தட்டில் வைத்துக் கொண்டுவருவது பாதுகாப்பு. சமையலறை அலுமினியத் தாளில் சுற்றாதீர்கள், அதிலும் உருட்டும்போது பட்ட எண்ணெய் இருக்கும்.

### சோடியம் மட்டும் வானளாவ நிற்கிறது, மற்றவை இல்லை

மேலே உப்புப் பாய் விரித்திருக்கிறது. 150 மில்லிமோலார் அம்மோனியம் ஃபார்மேட் அல்லது அசிட்டேட்டில் சில நொடிகள் கழுவுங்கள். உலரும்போது அது பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும், உப்பை விட்டுவைக்காது.

### கொழுப்பு செல்லுக்கு வெளியே சிந்தியிருக்கிறது

184 என்பது செல் சவ்வின் பாஸ்போகோலின். அதன் படத்தில் செல்லின் ஓரம் தெளிவாகத் தெரிய வேண்டும். கலங்கிப் பரவியிருந்தால் உலரும்போது கொழுப்பு நகர்ந்திருக்கிறது. ஆல்கஹால் பட்டதா என்று முதலில் கேளுங்கள், எஸ்.ஈ.எம்.முக்குச் செய்த அதே தயாரிப்பை இங்கே கொண்டுவருவது வழக்கமான தப்பு. கூடவே பொட்டாசியம் 39ஐயும் சோடியம் 23ஐயும் பாருங்கள். நல்ல செல்லுக்குள் பொட்டாசியம் ஓங்கியிருக்கும். உள்ளேயும் வெளியேயும் சோடியம் ஒரே அளவாக இருந்தால் சவ்வு கிழிந்துவிட்டது. வேகமாக உறையவைத்து, உறைந்த நிலையில் உலர்த்துவதற்கு மாற வேண்டும்.

### கோடுகள் அகலமாகின்றன அல்லது இரண்டாகப் பிரிகின்றன

சார்ஜ் அல்லது மேடுபள்ளம். எலக்ட்ரான் வெள்ளத் துப்பாக்கி (சார்ஜை ஈடுகட்டும் பாகம்) ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள், பாதி நேரம் அதை யாரோ அணைத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஓடியும் பிரிந்தால் தட்டையான இடத்தைத் தேடுங்கள்.

### நேரம் ஆக ஆகப் பெரிய மூலக்கூறுகள் மறைகின்றன

ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் கோடி அயனி என்ற எல்லையை நெருங்கிவிட்டீர்கள் அல்லது தாண்டிவிட்டீர்கள். அதற்கு மேல் ஏற்கெனவே உடைத்ததையே மறுபடி உடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். புது இடத்துக்குப் போங்கள்.

## தங்க ஸ்டப்பும் கலங்கலாகத்தான் தெரிகிறது

ஃபோகஸை முன்னும் பின்னும் தள்ளுங்கள். துகள் ஒரு பக்கம் நீண்டு, மறுபக்கம் குறுக்கே நீண்டால் ஸ்டிக்மேட்டரைச் சரிசெய்யுங்கள். ஃபோகஸைத் தள்ளும்போது படமே இடம் பெயர்ந்தால் அபெர்ச்சர் (பீம் செல்லும் துளை) நடுவில் இல்லை, வாப்லரை (ஃபோகஸைத் தானாக ஆட்டும் வசதி) போட்டு நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இந்த இரண்டும் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டிய கைவேலை.

நேர்க்கோடு ரம்பப் பல் மாதிரித் தெரிந்தால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் குறுக்கிடுகிறது. ஸ்கேனை மின்சாரத்தின் துடிப்போடு இணைக்கும் வசதியைப் போட்டதும் நேராகிவிட்டால் சந்தேகமே இல்லை. பக்கத்தில் புதிதாக என்ன வந்தது? சார்ஜர், மின்விசிறி, சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் ஒயர். ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். படம் எப்போதாவது மட்டும் துள்ளினால் நேரத்தைக் குறித்து வையுங்கள். கோலாலம்பூரில் ஒரு சினேகிதி இரண்டு நாள் குறித்துவிட்டு ரயில் நேர அட்டவணையோடு ஒப்பிட்டாள். அப்படியே பொருந்தியது. பக்கத்து நிலத்தில் கட்டுமானக் கம்பம் இறக்கும் சத்தத்தோடு துள்ளினால் மாலையில் வேலை செய்வதைத் தவிர வழியில்லை.

டங்ஸ்டன் இழை மெஷினில் படம் மங்கிக்கொண்டே போய்த் திடீரென்று இருண்டால் இழை அறுந்தது. பயிற்சி பெற்றவர் மாற்றலாம். இடி மின்னலுக்குப் பிறகு வந்த கோளாறானால் முதலில் யூ.பி.எஸ்.ஸையும் தண்ணீர்க் குளிரூட்டியையும் பாருங்கள். குளிரூட்டி நின்றிருந்தால் மெஷின் தன்னைப் பூட்டிக்கொள்வது நியாயம்தான்.

## இதற்கு மேல் ஆளைக் கூப்பிடுங்கள்

எலக்ட்ரான் துப்பாக்கியின் மூடி, உயர் மின்னழுத்தப் பெட்டி, அயனி மூலம், டிடெக்டரின் ஜன்னல்: இந்த நான்கையும் நீங்கள் திறக்கக் கூடாது, யூடியூப் பார்த்தும் திறக்கக் கூடாது. புலஉமிழ்வுத் துப்பாக்கியின் வெற்றிட எண் மெல்ல ஏறிக்கொண்டிருந்தாலும், காலியம் கரன்ட் நிலையில்லாமல் ஆடினாலும், சுத்தம் செய்த பிறகும் அறை இறங்காவிட்டாலும் அன்றே சொல்லுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் கூடுதலாக எதையாவது சேர்த்து எரித்துவிடும்.

கூப்பிடும்போது "வேலை செய்யலை" என்று மட்டும் சொன்னால் அவர் எதைக் கொண்டுவருவார்? தங்க ஸ்டப்பின் இன்றைய படம், அதே அமைப்பில் போன மாதம் எடுத்த படம், கிலோவோல்ட், வொர்க்கிங் டிஸ்டன்ஸ், அறை, துப்பாக்கி இரண்டின் வெற்றிட எண்கள், கடைசியாக உள்ளே போன சாம்பிள் என்ன, அது ஈரமாக இருந்ததா. கடைசிக் கேள்விக்கு உண்மையைச் சொல்லுங்கள், அவர் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார். படத்தை அனுப்பும்போது அடியில் இருக்கும் அளவுகோல் பட்டையை வெட்டிவிடாதீர்கள்.